யாரும் கேட்காத காவல்

விடிவதற்கு முன்பே கலியாணசுந்தரத்துக்கு விழிப்பு வந்துவிடும். முப்பது வருடப் பழக்கம். ரங்கசாமிகுளம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ் வந்து நிற்கும் நேரத்துக்குள் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, சட்டைப்பையில் அடையாள அட்டையோடு அவர் நின்றிருப்பார். அந்த பஸ் வராமல் போய் ஒரு வருடம் ஆகிறது. கம்பெனி வேறு ஊருக்கு மாறியபோது ஐம்பது வயதைத் தாண்டியவர்களை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் உடம்புக்கு அது தெரியவில்லை. எழுந்துகொள்ளும். குளித்துவிட்டுக் கூடத்து நாற்காலியில் வந்து உட்காரும். அதற்குமேல் என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது.

மனைவி தில்லையம்மாள் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை பார்த்தாள். மகன் ஓசூரில். காலையில் கிளம்பும்போது அவள் தினமும் ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள். "தண்ணி வந்தா டிரம்முல புடிச்சி வையுங்க", "மோட்டார் ஆஃப் பண்ண மறந்துடாதீங்க." சூப்பர்வைசராக இருந்து, ஒரு ஷிப்டு ஆட்கள் எல்லோரும் 'சார்' என்று கூப்பிட்ட மனிதருக்கு இப்போது மோட்டார் ஸ்விட்ச் மட்டும்தான் மிச்சம். வாய்விட்டு அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சோற்றில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பக்கத்து வீட்டுக்காரன் வண்டியை வாசலில் நிறுத்தினால் சண்டைக்குப் போனார். அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கே புரியவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் அவருடைய தெருமுனையில் செல்போன் கடை வைத்திருந்தவன் லோகேஷ். ஒருநாள் அவன்தான் வந்து கேட்டான். "அங்கிள், குழந்தை கடத்துற கும்பல் காஞ்சிபுரத்துக்குள்ள வந்துட்சாம். எல்லா குரூப்புலயும் வந்துக்கினே இருக்குது. நம்ம தெருவுக்கு ஒரு காவல் குரூப் ஆரம்பிக்கிறோம். நீங்கதான் தலைவரா இருக்கணும். ஆளுங்கள வேலை வாங்கத் தெரிஞ்சவரு நீங்கதானே."

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாளே யார் எந்த நேரம் சுற்றி வரவேண்டும் என்று பிரித்துக் கொடுத்தார். கழுத்தில் விசில் தொங்கியது. கையில் ஒரு மூங்கில் கழி வந்தது. போனில் வரும் ஒவ்வொரு செய்தியையும் பெரிய எழுத்தில் தெருக் குழுவுக்கு அனுப்பினார். எந்த ஊரிலோ எப்போதோ எடுத்த படங்கள். யாருடையதென்று தெரியாத குரல்கள். 'உஷார்! நம் பகுதியில்!' என்று மேலே ஒரு வரி சேர்ப்பார். கைகூப்பும் படங்களும் 'நன்றி தலைவரே'க்களும் வந்து குவியும்.

"இதெல்லாம் உண்மைதானா? போலீசுல விசாரிச்சீங்களா?" என்று தில்லையம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"எல்லாரும் அனுப்பறாங்க. எல்லாருமா பொய் சொல்லுவாங்க?"

"எல்லாருக்கும் நீங்க அனுப்பறீங்க. உங்களுக்கு எல்லாரும் அனுப்பறாங்க. பாத்தவன் யாரு?"

அவர் போனை எடுத்து அடுத்த செய்தியை அனுப்பினார். அந்த வாரம் கம்பளி விற்க வந்த ஒரு வடநாட்டுக்காரனைத் தெருவில் மறித்தார்கள். அவன் கேள்வி புரியாமல் விழித்தான். லோகேஷ் அவன் கன்னத்தில் அறைந்தான். கலியாணசுந்தரம் கழியால் அவனுடைய மூட்டையைக் குத்திச் சாக்கடைப் பக்கம் தள்ளினார். கம்பளிகள் சேற்றில் விழுந்தன. அவன் அழுதுகொண்டே அவற்றை அள்ளிக்கொண்டு ஓடினான். தெருவே வாசலில் நின்று பார்த்தது. யாரும் தடுக்கவில்லை. ஒரு வருடமாகத் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தவர் அன்று ஆழ்ந்து தூங்கினார்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் அது நடந்தது.

தெருவின் நடுவில் மஹாலட்சுமியின் வீடு. கணவன் வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் வேலை செய்தான். பகலில் அவளும் இரண்டரை வயதுப் பெண் குழந்தையும் மட்டும்தான் இருப்பார்கள். கேஸ் அடுப்பு சரியாக எரியவில்லை என்று ரிப்பேர்காரருக்குப் போன் செய்துவிட்டு, அவள் பின்கட்டில் துணி துவைக்கப் போனாள். சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு குழந்தை தெருவில் இறங்கி, முனைவரைக்கும் தத்தித் தத்திப் போய்விட்டது. அங்கே மணல் லாரி ஒன்று ரிவர்ஸில் பின்னால் வந்துகொண்டிருந்தது.

அதே நேரத்தில்தான் யேசுதாஸ் தன் டிவிஎஸ் வண்டியில் வந்து சேர்ந்தார். தென்னேரிக்காரர். அந்தப் பகுதித் தெருக்களில் பல வருடங்களாக அடுப்பும் குக்கரும் பழுது பார்ப்பவர். வண்டியில் ஒரு சின்ன ஒலிபெருக்கி கட்டி, அவருடைய குரலையே பதிவு செய்து ஓட விட்டிருப்பார். முகத்தைவிட அந்தக் குரல்தான் தெருவில் பலருக்குத் தெரியும்; அன்று ஒலிபெருக்கியின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. லாரிக்குப் பின்னால் நின்ற குழந்தையைப் பார்த்ததும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி, அதை வாரித் தூக்கிக்கொண்டார். குழந்தை பயந்து வீறிட்டது. "அழாதம்மா, உங்க வூடு எதும்மா, அம்மா எங்க?" என்று கேட்டபடி தெருவுக்குள் நடந்தார்.

டீக்கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கலியாணசுந்தரம் பார்த்தது இதுதான்: முகம் தெரியாத ஒரு ஆள், அவன் தோளில் கைகால் உதைத்து அழும் தெருக் குழந்தை. இத்தனை நாளாகக் காத்திருந்தது கடைசியில் வந்தேவிட்டது என்று அவர் நெஞ்சு துள்ளியது. பயத்தைவிட மகிழ்ச்சிதான் அதில் அதிகம் இருந்தது. பின்னாளில் அவரால் தாங்க முடியாமல் போனது அந்த மகிழ்ச்சியின் நினைவைத்தான்.

"புடிங்கடா! புள்ள புடிக்கிறவன்! உடாதீங்க!"

விசில் அலறியது. லோகேஷ் கடையிலிருந்து பாய்ந்து வந்தான். இன்னும் யார் யாரோ வந்தார்கள். ஒருவன் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டான். "ஐயா, நான் அடுப்பு ரிப்பேர்..." என்று யேசுதாஸ் வாயைத் திறந்தார். மூங்கில் கழி அவர் வாயிலேயே விழுந்தது. முதல் அடி அதுதான். பற்களோடு ரத்தம் கொட்டியது. அவர் இரண்டு கைகளையும் முகத்துக்கு மேலே தூக்கினார். லோகேஷ் இடுப்பில் உதைத்துக் கீழே தள்ளினான். விழுந்தவர் எழ முயன்று வலது கையைத் தரையில் ஊன்றியபோது, அந்த மணிக்கட்டின்மேல் ஒருவன் செருப்புக் காலோடு ஏறி நின்றான். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. அதைக் கேட்டும் எவனும் நிறுத்தவில்லை. பெல்ட்டால் அடித்தான் ஒருவன். செங்கல்லைத் தூக்கி முதுகில் போட்டான் இன்னொருவன். லோகேஷ் ஒரு கையில் போனைத் தூக்கிப் படம் பிடித்தபடியே காலால் காதில் மிதித்தான். மாடியிலிருந்து ஒரு பெண், "போடுங்க, நல்லா போடுங்க!" என்று கத்தினாள். யேசுதாஸ் கத்துவதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. கலியாணசுந்தரம் மட்டும் தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டையெல்லாம் ரத்தத் துளி.

பின்கட்டுவரை சத்தம் போய்த்தான் மஹாலட்சுமி ஓடி வந்தாள். கையில் சோப்பு நுரை. கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் கிடந்த ஆளைப் பார்த்தாள்.

"ஐயோ, அடுப்பு ரிப்பேர் அண்ணன்பா! நான்தான் வரச் சொன்னேன்! உடுங்கடா!"

யார் காதிலும் அது ஏறவில்லை. அவள் அந்த உடம்பின்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். ஓங்கிய கழியைக் கலியாணசுந்தரத்தால் நிறுத்த முடியவில்லை. அது அவளுடைய முன்கையில் விழுந்தது. அவள் போட்ட அலறலில்தான் தெரு அடங்கியது.

அப்புறம் எல்லோரும் எப்படி மறைந்தார்கள் என்றே தெரியவில்லை. மாடி ஜன்னல் சாத்திக்கொண்டது. லோகேஷ் கடையின் ஷட்டரை இழுத்துவிட்டான். ரத்தம் ஓடிய தெருவில் கழியோடு கலியாணசுந்தரம் மட்டும் நின்றிருந்தார். மஹாலட்சுமி முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "இன்னா பண்ணிட்டீங்க சார், அவரு இன்னா பண்ணாரு?" என்று கேட்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

யேசுதாஸ் பிழைத்துக்கொண்டார். தாடை உடைந்திருந்தது. இடது காது கேட்கவில்லை. செங்கல் விழுந்த முதுகால் எழுந்து உட்கார முடியவில்லை. வலது கை இனி திருப்புளி பிடிக்காது என்று சொல்லிவிட்டார்கள். கொலை முயற்சி வழக்கில் கலியாணசுந்தரமும் லோகேஷும் இன்னும் சிலரும் சிறைக்குப் போனார்கள். உள்ளே, கலியாணசுந்தரத்தின் தோளைத் தட்டி ஒரு பழைய குற்றவாளி, "பெரியவரே, இன்னா கேசு?" என்று கேட்டான். சொன்னதும் அவன் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஜாமீனில் வந்தபோது தில்லையம்மாள் கதவைத் திறந்துவிட்டாள்; சாப்பாடு வைத்தாள். சில நாள் கழித்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"வேலை போனதுக்கு உங்கள நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. வேலை போனா மனுஷன் கொறஞ்சிட மாட்டான். நீங்க பெரிய ஆளா ஆகணும்னு ஒருத்தன் கெட்டவனா இருந்தாகணும்னு ஆயிடுச்சி பாருங்க. அதான் எனக்குப் பொறுக்கல."

ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதார்கள்.

யேசுதாஸ் வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதை மீறி ஒருநாள் காலையில் கலியாணசுந்தரம் தென்னேரிக்கு பஸ் ஏறினார். ஏரிக்கரைக்குக் கீழே இருந்த தெருவில் விசாரித்துக்கொண்டு போனார். வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். யேசுதாஸின் மனைவி எல்லம்மாள். போலீஸ் ஸ்டேஷனில் பார்த்த முகம் அவளுக்கு மறக்கவில்லை.

"நான்..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே கையிலிருந்த குண்டான் பறந்து வந்து அவர் புருவத்தில் மோதியது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அவர் நகரவில்லை.

"கேச வாபஸ் வாங்கச் சொல்ல வந்தியாடா? உள்ள படுத்துக்கினு கீறாரு பாரு, போய்க் கேளு!"

"வாபஸ் வாங்க வேணாம்மா. நான் ஒத்துக்கப் போறேன். அவருக்கு எதுனா ஒத்தாசை... ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறதோ, இன்னா வேலைன்னாலும்..."

சத்தம் கேட்டுக் கட்டிலில் இருந்த யேசுதாஸ் வாசல் பக்கம் திரும்பினார். கலியாணசுந்தரத்தைப் பார்த்த நொடியில் அந்த உடம்பு உதற ஆரம்பித்தது. முடியாத கையையும் முடிந்த கையையும் சேர்த்து முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டார். தெருவில் தூக்கியது போலவே. தொண்டையிலிருந்து சொல்லாக வராத ஒரு சத்தம் வந்தது. லுங்கி நனைந்தது.

எல்லம்மாள் ஓடிப்போய் அவர் தலையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். திரும்பி, கத்தாமல் பேசினாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று கலியாணசுந்தரத்துக்குத் தோன்றியது.

"பாத்தியா? உன்னப் பாத்தா அவருக்கு இப்டி ஆவுது. உன் மனசு ஆறணும்னு எங்க வூட்டுக்கு வராத. அன்னிக்கும் உனக்கோசரம் பண்ண. இன்னிக்கும் உனக்கோசரம்தான் வந்த. போ."

ஏரிக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வந்தது தப்பா? யோசித்துப் பார்த்தபோது அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணும் படுத்திருக்கும் அவள் கணவனும் தன்னை நல்லவன் என்று சொல்ல வேண்டும்; அந்த எதிர்பார்ப்போடுதான் பஸ் ஏறியிருக்கிறார். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். அதற்குப்பின் தென்னேரிக்குப் போகவில்லை.

வீட்டு வேலைகளைச் செய்ய ஆரம்பித்தார். தண்ணீர் பிடித்தார். தில்லையம்மாள் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருவாள் என்று சமைத்தும் வைத்தார். கையில் கட்டோடு துணி பிழிய முடியாத மஹாலட்சுமியின் வீட்டுக்குத் தண்ணீர்க் குடங்களைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, அவள் வருவதற்குள் போய்விடுவார். அவள் முதலில் அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டினாள். பிறகு கொட்டுவதை விட்டாள். போனில் இருந்த குழுக்களை எல்லாம் அழித்துவிட்டார். இதனால் அவர் மனம் நிம்மதி அடைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் எழுந்தபின் என்ன செய்வதென்ற கேள்வி எழவில்லை.

லோகேஷும் ஜாமீனில் வந்திருந்தான். ஒருநாள் அவரை மடக்கி, "கூட்டத்துல யாரு அடிச்சான்னு தெரியலைன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். நீங்க மட்டும் உளறினீங்கன்னா..." என்றான். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

கோடையின் உச்சியில், ஒரு நண்பகல், தெருவுக்குள் ஒரு டிவிஎஸ் வண்டி வந்தது. ஓட்டி வந்தவள் எல்லம்மாள். கணவனோடு கூட இருந்து அவளும் தொழிலைக் கற்றிருந்தாள். இனி அவள் சம்பாதித்தால்தான் வீடு நடக்கும். இந்தத் தெருவுக்குள் வரவே அவளுக்கு விருப்பமில்லை. மஹாலட்சுமிதான் வற்புறுத்தி வரச் சொல்லியிருந்தாள்.

லோகேஷும் இரண்டு பையன்களும் வண்டியை மறித்தார்கள்.

"கேஸ வாபஸ் வாங்கிட்டு உள்ள வா. இல்லன்னா இந்தத் தெருவுல கால வெக்காத."

"வழிய உடு தம்பி. பொழப்புக்கு வந்துக்கிறேன்."

அவன் வண்டியை உதைத்தான். அவளோடு சேர்ந்து அது சாய்ந்தது. பெட்டி திறந்து பர்னர்களும் ரப்பர் வளையங்களும் தெருவெல்லாம் உருண்டன. எழ முயன்றவளின் கொண்டையைப் பிடித்து இழுத்தான். வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். அன்று போலவே.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கலியாணசுந்தரம் எச்சில் கையோடு ஓடி வந்தார். நடுவில் புகுந்து லோகேஷின் கையைப் பிரித்தார்.

"உடு லோகேஷ். அந்தம்மாவ உடு."

"நீ ஒதுங்குயா! உன்னாலதான்யா இவ்ளோவும்! நீதான கத்துன?"

"ஆமா, நான்தான் கத்தினேன். நான்தான் மொதல்ல அடிச்சேன். கோர்ட்டுல அதைச் சொல்லப் போறேன். நீ காதுல மிதிச்சதையும் சொல்லுவேன்."

ஹெல்மெட் அவர் முகத்தில் மோதியது. மூக்கெலும்பு நொறுங்கியது. விழுந்தவரை மூன்று பேரும் சேர்ந்து மிதித்தார்கள். விலாவில், வயிற்றில், தலையில். தரையைத் துழாவிய அவர் கையில் பெட்டியிலிருந்து விழுந்த பெரிய ஸ்பானர் அகப்பட்டது. விரல்கள் தானாகவே அதை இறுக்கின. லோகேஷின் முழங்கால் எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே வீச்சு போதும். பழைய வெறி தோள்வரை ஏறி வந்தது.

விரல்களைப் பிரித்தார். ஸ்பானர் கல்லில் விழுந்தது. முழந்தாளில் தவழ்ந்து எல்லம்மாளுக்கு முன்னால் போய்க் குறுக்கே படுத்துக்கொண்டார். அடிகள் அவர் முதுகில் விழுந்தன.

முதலில் வெளியே வந்தது மஹாலட்சுமி. கோணலாகக் கூடிய கையோடு வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள். "இன்னொரு தடவ இந்தத் தெருவுல எதுவும் நடக்கக் கூடாது. என்னையும் அடிச்சிட்டுப் போங்கடா!" என்றாள். அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர் வந்தார். பிறகு மாடிப் பெண். அன்று 'நல்லா போடுங்க' என்றவள், கண்ணில் நீரோடு போலீசுக்குப் போன் போட்டாள். ஆட்கள் சேரச் சேர லோகேஷின் கை தணிந்தது. கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே அவர்கள் போய்விட்டார்கள்.

எல்லம்மாள் கூந்தலை முடிந்துகொண்டு பர்னர்களைப் பொறுக்கினாள். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரிடம் வந்து நின்றாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. அவரு எழுந்து உக்காந்து சாப்புடற அன்னிக்கும் மன்னிப்பேனான்னு தெரியாது." சற்று நின்று, சொன்னாள்: "ஆனா இன்னிக்கு நீ உனக்கோசரம் வரல. அது எனக்குத் தெரியுது."

மஹாலட்சுமியின் வீட்டு அடுப்பைப் பழுது பார்க்க உள்ளே போனாள்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது, வக்கீல் தடுத்தும் கேட்காமல், கலியாணசுந்தரம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தில்லையம்மாள் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தண்டனை கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நீதிபதி ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"இத்தனை வயசு ஆகியிருக்கு. பெரிய பொறுப்புல இருந்திருக்கீங்க. பேர்கூடத் தெரியாத ஒரு மனுஷனை ஏன் அப்படி அடிச்சீங்க?"

கோணிப்போன மூக்கால் மூச்சை இழுத்துவிட்டு அவர் பேசினார்.

"வேலை போனதுக்கப்புறம் நான் எதுக்கும் உபயோகமில்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா. ஊரையே காப்பாத்துற மாதிரி ஒரு பெரிய வேலைக்காகக் காத்துக்கினு இருந்தேன். அன்னிக்கு எனக்கு நெஜமாவே ஒரு வேலை இருந்துச்சு. ஒரு கொழந்தை அழுதுச்சு. ஒருத்தர் அதத் தூக்கிக்கினு வூடு தேடுனாரு. கிட்டப் போய், 'இன்னாப்பா, யாரு புள்ள?'ன்னு கேட்டு, ரெண்டு வூடு தள்ளிக் கொண்டுபோய் உட்டிருக்கணும். அவ்ளோதாம்மா. மனுஷனுக்கு அன்னன்னிக்கு வேலை அவன் கண்ணு முன்னாலயே கெடக்குது. அது சின்னதா இருக்குதுன்னு நான் தாண்டிப் போனேன். அதனால ஒரு மனுஷன மிதிச்சிட்டேன்."